இங்கே சற்று நிறுத்தவும்

எங்கள் சபையில் பத்தொன்பது பேருடைய மனந்திரும்புதலை எழுதிக் கொடுத்தவன் நான். திரும்பியவர்கள் அவர்கள்தான். ஆனால் எந்த இடத்தில் இருட்டு, எந்த இடத்தில் வெளிச்சம், எத்தனையாவது வரியில் கண்ணீர் என்பதெல்லாம் என் கைவண்ணம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற ஐம்பத்து மூன்று வயதுக்காரனுக்கு இதைச் சொல்லக் கூசத்தான் செய்கிறது. ஏற்கெனவே ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அப்போது என்ன ஆயிற்று என்பது கடைசியில் வரும். அதை எழுதாமல் விட முடியுமா என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு வழக்கம். ஞானஸ்நானம் எடுக்க விரும்புகிறவர் தன் சாட்சியை ஒரு பக்கத்துக்கு எழுதித் தர வேண்டும். முன்பு எப்படி இருந்தேன், ஆண்டவர் எப்படித் தொட்டார், இப்போது எப்படி இருக்கிறேன். அதைக் குழு படித்துப் பார்த்துச் சம்மதித்தால், ஞானஸ்நானத்தன்று தொட்டியில் இறங்குவதற்கு முன்னால் ஒலிபெருக்கி முன் நின்று அவரே வாசிக்க வேண்டும்.

நல்ல வழக்கம்தான். சிக்கல் என்னவென்றால், எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மலாயில் படித்து, ஆங்கிலத்தில் சம்பாதித்து, தமிழில் ஜெபிக்கிறவர்கள். மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் தமிழ் பேசுவார்கள். பேனாவைக் கையில் கொடுத்தால் வியர்த்துவிடும். நானோ ஞாயிறு பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். ஆகவே என்னிடம் வந்தார்கள்.

"அண்ணே, ஒரு பக்கம்தானே லா. உங்களுக்கு அது பத்து நிமிஷ வேலை."

சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசைதான் என் அலுவலகம். அவர்கள் ரொட்டி சானாய் வாங்கித் தருவார்கள், நான் கதை கேட்பேன். முதல் இரண்டு மூன்று பேர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். பிறகு கொஞ்சம் மெருகு போட்டேன். பிறகு மெருகைத் தவிர மற்றது எதுவும் மிஞ்சவில்லை. முதல் பத்தியில் குடி. குடிக்காதவர் என்றால் விரக்தி. நடுவில் எதேச்சையாகக் காதில் விழும் ஒரு வசனம். பிறகு தனிமையில் ஓர் அழுகை. கடைசியில் சமாதானம். வாழ்நாளில் ஒரு சொட்டுகூடத் தொடாத ஒரு கணக்காளருக்கு, "அகந்தை என்னும் மதுவில் மூழ்கிக் கிடந்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தன்னைப் பற்றி இவ்வளவு உயர்வாக யாரும் பேசியதில்லை என்றார்.

தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டிக் கொடுப்பேன். அப்படித்தான் அந்த விபத்து நடந்தது. ஒரு லாரிக் கம்பெனி மேற்பார்வையாளருக்கு எழுதியதில், அழுகைக்கு முன்னால் ஒரு வரியில், வாசிக்கிறவருக்கான குறிப்பாக "இங்கே சற்று நிறுத்தவும்" என்று போட்டிருந்தேன். மனிதர் அதையும் சேர்த்து வாசித்தார். "என் பாவங்கள் என் கண்முன் வந்தன. இங்கே சற்று நிறுத்தவும். நான் கதறினேன்." நான் நாற்காலிக்கு அடியில் புகுந்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் சபையோ, ஆண்டவர்தான் அவரிடம் அப்படிச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டது. பின்வரிசையிலிருந்து யாரோ உருக்கமாக "ஆமென்" என்றார்கள். முன்வரிசையில் ஒரு அக்கா கைக்குட்டையை எடுத்தார்.

அன்றே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பாராட்டு என்பது பொல்லாத பண்டம்.

பிறகு புதிய போதகர் வந்தார். நாற்பது வயது, நல்ல மனிதர். எதையும் உண்மையாக எடுத்துக்கொள்கிற வகை. அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் நடுக்கம். ஒரு நாள் ஆராதனை முடிந்து என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் பழைய ஞானஸ்நானப் பதிவேடு திறந்து கிடந்தது.

"அண்ணே, இதுல இருக்கறவங்கள்ல நெறையப் பேர காணோம். முழுகினாங்க, சாட்சி சொன்னாங்க, அழுதாங்க. அடுத்த கிறிஸ்மஸ்க்கு ஆளில்ல. நான் ஒவ்வொரு சாட்சியா எடுத்துப் படிச்சேன். எல்லாமே அருமையா இருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. காணாமல் போனவர்களின் பெயர்களில் அவர் விரலை ஓட்டிக்கொண்டு போக, ஒவ்வொருவரும் எனக்கு வாங்கிக் கொடுத்த ரொட்டி சானாய் நினைவுக்கு வந்தது.

"கிருபையிலயும் டூப்ளிகேட் இருக்குண்ணே," என்றார் போதகர். "கண்ணீர் வரும், வசனம் வரும், சந்தோஷம்கூட வரும். அசலு மாதிரியே இருக்கும். இந்த ஈஸ்டர்லேர்ந்து ஆட்கள நாம நேர்ல பார்த்துப் பேசிட்டுத்தான் சேர்க்கணும். நீங்க குழுவுல இருங்க. எழுத்தாளர், போலிய கண்டுபிடிச்சிடுவீங்க."

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். "பார்க்கலாம் பாஸ்டர்" என்று வந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி நிற்கவில்லை.

"சமைச்சவரே மார்க் போடுறதா? நல்லா இருக்கும்."

பதற்றம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். போலிக் கிருபையின் அடையாளங்கள் என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். பேச்சில் சரளம். அழுகையில் நேரம் தவறாமை. தன் பழைய பாவத்தை நினைக்கும்போது முகத்தில் ஒரு பெருமிதம். மற்றவர்களுடைய பக்தியை எடை போடும் பழக்கம். இந்த நாலாவதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

பட்டியலை மடித்து வைத்துவிட்டு, என் சொந்தச் சாட்சியை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று தலைமுறைக் கிறிஸ்தவன் நான். பதினேழு வயதில், ஒரு பள்ளி விடுமுறையில், சித்தப்பா பிள்ளைகளோடு சேர்த்து மொத்தமாக முழுக்கினார்கள். அன்று நடந்ததில் எனக்கு உறுதியாக நினைவிருப்பது இடது காதில் தண்ணீர் போனது மட்டும்தான். அது வெளியே வர இரண்டு நாள் ஆயிற்று. பத்தொன்பது பேருக்குப் பக்கம் பக்கமாக வெளிச்சம் காட்டியவன், ஒரு மணி நேரம் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரையை மறந்தேனா என்று போய்ப் பார்த்தேன். மறக்கவில்லை.

அந்த ஈஸ்டருக்கு இரண்டு பேர்தான் விண்ணப்பித்திருந்தார்கள்.

முதலாமவர் காப்புறுதி (இன்ஷூரன்ஸ்) முகவர். முப்பத்தைந்து வயது, பளபளக்கும் காலணி. குழுவில் நான் சேருவதற்கு முன்பே என் கடைசி மேசைக்கு வந்து சாட்சி வாங்கிக்கொண்டு போனவர். என் படைப்புகளில் அதுதான் உச்சம் என்று சொல்ல வேண்டும். பினாங்குப் பாலத்தின் நடுவில், இருபுறமும் கடல், காரை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுகிறார். அந்தக் காட்சியை எழுதி முடித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. அவர் என்னிடம் சொன்னது, "பாலத்துல ஜாம்ல நிக்கும்போது ஒரு பாட்டு கேட்டேண்ணே, ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்பது மட்டும்.

சந்திப்பின்போது அவர் என் வரிகளை மனப்பாடமாகச் சொன்னார். நான் மேசையில் ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போதகர் கேட்டார், "பாலத்துல காடிய நிறுத்த முடியாதேங்க?"

இவர் எழுதிக் கொடுத்ததுதானே என்று முகவர் என்னைக் காட்டிவிடுவாரோ?

"எமர்ஜென்சி லைட் போட்டுட்டேன் பாஸ்டர்," என்றார் முகவர், கண் இமைக்காமல்.

என் பொய்க்கு அவர் சொந்தமாக விளக்கு போட்டுவிட்டார். போலி என்று அந்த நொடியே முடிவு கட்டினேன். ஆனால் எப்படிச் சொல்வது? அவரைப் பிடித்துக் கொடுத்தால் நானும் கூடவே மாட்டுவேன். "நல்ல தெளிவு இருக்கு" என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாமவர் ஐம்பது வயதுப் பெண்மணி. பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் அடுக்குமாடி வீடு, மின்னணுத் தொழிற்சாலையில் லைன் வேலை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவராதலால் அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. தொழிற்சாலை விடுப்புப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில், பெரிய பெரிய எழுத்துகளில், அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அது இவ்வளவுதான்:

"என் நாத்தனார் மேல் பதினெட்டு வருடம் கோபமாக இருந்தேன். அவர் பேசிய பேச்சு அப்படி. லைனில் என் பக்கத்தில் இருக்கும் அக்கா ஜெபத்துக்குக் கூப்பிட்டார், போனேன். மூன்று வருடமாகப் போகிறேன். கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. இப்போது அவருக்குக் கால் முடியவில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன். இயேசுவுக்கு நன்றி."

"எந்த நாள்ல மனசு மாறுச்சுன்னு சொல்ல முடியுமா அக்கா?" என்று கேட்டார் போதகர்.

"தெரியல பாஸ்டர்."

"ஜெபத்துல அழுதீங்களா?"

"இல்ல."

"முதன்முதல்ல ஜெபத்துக்குப் போனப்ப என்ன உணர்ந்தீங்க?"

அவர் நேர்மையாக யோசித்தார். "பசி. அன்னிக்கு ரெண்டு ஷிஃப்ட்டு."

என் பட்டியலை மேசைக்கு அடியில் விரித்துப் பார்த்தேன். சரளம் இல்லை, அழுகை இல்லை, பெருமிதம் இல்லை. போலிக்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க எனக்குப் புத்தி போதவில்லை. ஒன்றுமே இல்லையே, இது என்ன சாட்சி என்றுதான் தோன்றியது. போதகரும் குழம்பிப்போயிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பொறுத்து, அடுத்த வருஷம் பார்க்கலாமாக்கா?" என்றார் மெதுவாக.

அவர் தலையை ஆட்டினார். பிறகு, புகாராக இல்லாமல், தகவலாகச் சொன்னார். "தாசேக் கெலுகோர்ல என் அண்ணனுங்ககிட்ட ஈஸ்டர்லன்னு சொல்லிட்டேன். அதுலேர்ந்து அவங்க வீட்டுக்கு வர்றதில்ல. இப்ப தள்ளிப்போனா சிரிப்பாங்க. சாமிய விட்டுட்டுப் போனவள அங்கயும் சேர்த்துக்கலன்னு. அது பரவால்ல. சொல்லிடணுமேன்னு சொன்னேன்."

இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் ஒரு மனுஷியை நடுவில் நிறுத்தப் போகிறோம் என்பது எனக்கே உறைத்தது. போதகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். புதன்கிழமைக்குள் சாட்சியைக் கொஞ்சம் விரிவாக எழுதித் தந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார். சாட்சிகள் இடம்பெறும் ஈஸ்டர் சிற்றேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகும்.

"நான் உதவி பண்றேன்" என்றது ஒரு குரல். என்னுடையது.

உதவத்தான் நினைத்தேன். அதைச் சத்தியம் செய்து சொல்வேன். அவருடைய அரைப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய், சூலியா தெரு மேசையில் வைத்து, ஒரு பக்கமாக்கினேன். நாத்தனாருக்குக் கத்தி போன்ற நாக்கு கொடுத்தேன். தலையணையை நனைத்தேன். லைனில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தச் சின்னஞ்சிறு மின்னணுச் சில்லுக்குள் அவருக்குத் தன் கல்லான இதயம் தெரிந்தது. இந்த இடத்தில் எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று தெரியும். அவர் வேலையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. போதகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. அந்த இருபது நிமிடத்தில் போனை எத்தனை முறை திருப்பிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. கடைக்காரர்கூட, "என்ன அண்ணே, யாருக்கும் ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். கடைசியில் பதில் வந்தது. கூப்பிய கைகள் மூன்று. "இப்பத்தான் வெளிச்சம் தெரியுதுண்ணே. அச்சுக்கு இன்னிக்கே கொடுத்துட்டேன்."

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தேநீரை எடுத்தேன், சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் தாளை எடுத்துக்கொண்டு செபராங் ஜெயாவுக்குப் போனேன். வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அறுபத்தைந்து வயது அம்மாள் ஒருவர், ஒரு காலை ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. நாத்தனார் என்று கேட்காமலே தெரிந்தது. என் கதையில் கத்தி நாக்கு வாங்கிக்கொண்டவர்.

"கோயில்லேர்ந்தா தம்பி? அவ இன்னும் ஷிஃப்ட் முடிஞ்சு வரல. ஒக்காருங்க. நீங்கதான் அவள தண்ணியில முக்கப்போறீங்களா?"

"நான் இல்லீங்க, போதகர்."

"யாரோ. நல்லா முக்கிச் சொல்லுங்க. சோத்துல உப்பு போட இன்னும் தெரியல அவளுக்கு."

நான் சிரித்துவைத்தேன். அவர் விடவில்லை.

"முன்னெல்லாம் நான் ஒன்னு சொன்னா அவ பத்து சொல்லுவா தம்பி. இந்த மாடியே கேக்கும். கீழ் வீட்டு மலாய்க்காரம்மா வந்து கதவத் தட்டும். இப்ப நான் என்ன சொன்னாலும், 'சரிங்க அண்ணி'ன்னுட்டு, கால அமுக்கி விட்டுட்டுப் போயிடுறா. ஒரு வருஷமாச்சு சண்ட போட்டு. நானும் என்னென்னமோ சொல்லிப் பார்த்தேன். அவ அம்மாவக்கூட இழுத்துப் பார்த்தேன். ம்ஹூம். நாள் போக மாட்டேங்குது எனக்கு."

உண்மையிலேயே அவருக்கு அது குறையாகத்தான் இருந்தது. நான் சட்டைப் பையில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று வருடம் கருத்தரங்கு நடத்தினாலும் எங்கள் குழுவுக்குக் கிடைக்காத சாட்சி, அசலா போலியா என்று கேட்கவே தேவையில்லாத சாட்சி, நெற்றியில் திருநீறோடு என் எதிரில் உட்கார்ந்து உப்பைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தது. நானோ பையில் தலையணைக் கண்ணீர் வைத்திருந்தேன்.

அந்த அக்கா தொழிற்சாலைச் சீருடையோடு வந்து சேர்ந்தார். முதலில் நாத்தனாரின் காலை ஸ்டூலில் சரியாக எடுத்து வைத்தார். பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகுதான் தாளை வாங்கி, நின்றபடியே, உதடு அசையப் படித்தார். நான் அவர் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அண்ணே, இது நான் இல்லீங்களே."

"கொஞ்சம் அழகுபடுத்தினேன். அவ்வளவுதான்."

"தலகாணி நனைஞ்சதுன்னு இருக்கு. நான் அழலண்ணே. அண்ணிய கத்தின்னு வேற எழுதியிருக்கீங்க. அவங்க ஞாயித்துக்கெழம வந்து கேக்கப்போறாங்க."

"நான் வருவேன்," என்றார் வாசலிலிருந்து நாத்தனார். "இவ ஈரத்துல வழுக்கி விழுந்தா எனக்கு யாரு சோறு போடுறது?"

"இத வாசிச்சுட்டுத் தண்ணியில எறங்குனா முழுக்கே பொய்யாயிடும்," என்றார் அக்கா. தாளை அழகாக மடித்து என்னிடமே கொடுத்தார். "பரவால்லண்ணே. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அக்கா, அது வந்து..." தாளைப் பையில் வைத்தேன். "போதகருக்கு அனுப்பிட்டேன். அச்சுக்குப் போயிடுச்சு."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லப்போனால், திட்டினால் தேவலை என்று இருந்தது. அண்ணன்கள் வராமல் போன வீடு அது. ஒரு பைத்தியக்காரன் நாலு வரி அழகுக்காகச் சபைப் பக்கத்துக் கதவையும் சாத்திவிட்டு வந்து நிற்கிறான். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயோ, அப்ப உங்களுக்கில்ல பாஸ்டர்கிட்ட பேச்சு விழும்? என்னண்ணே பண்ணப்போறீங்க?"

கிளம்பும்போது ஒரு பொட்டலம் வடையைக் கையில் திணித்தார். மறுக்க எனக்குத் தெம்பில்லை.

திரும்பும்போது பாலத்தில் நல்ல ஜாம். நடுப்பாலத்தில், இருபுறமும் கடல், என் காடி தானாகவே நின்றது. ஓரங்கட்டத் தேவையே இருக்கவில்லை. அழுகை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. பயம்தான் வந்தது. குழுப் பதவி போகும், சபையில் முகம் காட்ட முடியாது என்கிற பயம் மேலே இருந்தது. அதற்குக் கீழே வேறொன்று. அந்த அக்கா தன் நிலைமையை விட்டுவிட்டு என் நிலைமைக்குக் கவலைப்பட்டாரே, அது அவருக்கு யோசிக்காமல் வந்தது. எனக்கு அப்படி என்றைக்காவது வந்திருக்கிறதா? ஐம்பத்து மூன்று வருடத்தில் ஒரு நாளைத் தேடினேன். பின்னால் இருந்தவன் ஹாரன் அடிக்கும்வரை தேடினேன். வடை மட்டும் காரில் மணத்துக்கொண்டிருந்தது.

நேராகப் போதகர் வீட்டுக்குப் போனேன். உட்காராமலே சொன்னேன். அக்காவின் சாட்சி, முகவரின் பாலம், மற்றவர்கள், எல்லாம். போதகர் ஒன்றை மட்டும் கேட்டார்.

"அந்த லாரிக் கம்பெனிக்காரரு? நான் இங்க வர்றதுக்கு முன்னாடி அவரு சாட்சி சொன்ன வீடியோவப் பார்த்துதான் இந்தச் சபைக்கு வர ஒத்துக்கிட்டேன். 'இங்கே சற்று நிறுத்தவும்'னு ஆண்டவர் சொன்னாரே..."

"அது நான் பாஸ்டர்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். முதுகு குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை. திரும்பியபோது முகம் கடுமையாகத்தான் இருந்தது. அந்த அக்கா தன் அரைப் பக்கத்தையே வாசிக்கட்டும் என்றார். சிற்றேட்டிலிருந்து அச்சான பக்கத்தை நானே என் கையால் வெட்டி எடுக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் இரண்டு நிமிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். "உங்களத் தண்டிக்கறதுக்கு இல்லண்ணே. அந்தப் பத்தொன்பது பேருல யாராச்சும் ஒருத்தரு, நாமளும் போலிதானோன்னு வெளிய நின்னுட்டு இருக்கலாம். அவங்க காதுல விழணும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. என் சொல் பெரிதாக இருந்ததால் தன் சின்ன உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு ஒதுங்கியவர்களும் இருப்பார்களோ?

சனிக்கிழமை பகல் முழுவதும் சபை மண்டபத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் சிற்றேடுகளை வெட்டினேன். நூற்றைம்பது பிரதிகள். ஐம்பதாவது பிரதியில்தான் கவனித்தேன். அக்காவின் சாட்சிக்குப் பின்பக்கத்தில், அதே தாளில், முகவருடைய பாலம். இரண்டும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தன. போதகரிடம் காட்டினேன். "அவரும் சொந்தமாப் பேசட்டும்," என்றார். முகவருக்குப் போன் செய்து சொன்னேன்.

ஈஸ்டர் காலை. அக்கா தன் விடுப்புப் படிவத்தை வாசித்தார். முக்கால் நிமிடம் ஆகியிருக்கும். யாரும் அழவில்லை. பின்வரிசையில் ஒருவர் இருமினார். சக்கர நாற்காலியில் வந்திருந்த நாத்தனார், தன்னைப் பற்றிய வரி வந்ததும், அது உண்மைதான் என்பதுபோல் தலையை ஆட்டினார். அக்கா தொட்டியில் இறங்கினார், முழுகினார், எழுந்தார். "தலையத் தொடைச்சுக்க, சளி பிடிக்கும்" என்று நாத்தனார் முன்வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்.

பிறகு முகவர். கையில் தாள் இல்லை. அந்தப் பளபளக்கும் காலணியும் இல்லை, வெறுங்கால். ஒலிபெருக்கியை இரண்டு முறை தட்டினார். போலி என்று நான் முத்திரை குத்தி வைத்திருந்த மனிதன் இப்போது என்ன உருட்டப்போகிறானோ?

"நான் பாலத்துல காடிய நிறுத்தல," என்றார். "ஜாம்ல நின்னேன். ஒரு பாட்டு போச்சு. எங்கப்பாகிட்ட அஞ்சு வருஷமா நான் பேசறதில்ல. அன்னிக்கு அவர் ஞாபகம் வந்துச்சு. போன வாரம் போன் பண்ணேன். எடுக்கல. மறுபடி பண்ணுவேன்." அப்புறம் என்ன சொல்வதென்று தெரியாமல், "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

என்னிடம் வந்தபோது அப்பாவைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பாட்டு என்றதும் எனக்குக் கடல் வேண்டியிருந்தது. அசலா போலியா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. நாலு வாரம் வந்தார், இரண்டு வாரம் வரவில்லை, இப்போது மறுபடி வருகிறார். எண்ணக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறேன். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்து என் முறை. அந்த இரண்டு நிமிடத்துக்கு நான் மூன்று முறை எழுதித் திருத்தியிருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது படியைக் காலையில் என் சட்டைப் பையில் மனைவி பார்த்தாள். படித்துவிட்டு, "நடுவுல கோடு போட்டு இடம் விட்டிருக்கீங்க, எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். அச்சுப்பிழை என்றேன். கையால் எழுதிய தாள் அது.

மேடையில் நின்றேன். பத்தொன்பது பேருக்கு எழுதியது நான் என்றேன். கணக்காளர் தலையைக் குனிந்துகொண்டார். கோடு போட்ட இடம் வந்தது. நிறுத்தக் கூடாது என்று நினைத்தேன். தொண்டை அடைத்து, நின்றுவிட்டேன். தொண்டை அடைத்ததால் நின்றேனா, கோடு இருந்ததால் அடைத்ததா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதே பழைய முன்வரிசை அக்கா மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார். முடித்து இறங்கியபோது நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் ஐக்கியத் தலைவி, "இந்த வருஷம் இதுதான் பெஸ்ட் சாட்சிண்ணே," என்றார். என் மனசு, அந்த நிலையிலும், ஒரு சுற்றுப் பெருத்தது.

வாசலில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்த அக்கா வந்தார். தலைமுடி இன்னும் ஈரம். நாத்தனார் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, கேட்டேன். நல்லா இருந்துச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு," என்றார். பிறகு, ஊரில் நல்ல தையல்காரர் யார் என்று விசாரிக்கிற குரலில், "உங்களுக்கு யாரு எழுதிக் கொடுத்தா?" என்று கேட்டார்.